அந்த ராத்திரி கடவுள் எங்கே இருந்தார்?

கேள்வி:

குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் 23 வருடமாக பிளான்ட் ஆபரேட்டராக இருக்கிறேன். டிப்ளமோ வரைதான் படிப்பு. மாதப் பூசத்துக்கு வடலூர் போவதை இன்றுவரை விட்டதில்லை.

போன வருடம் ஒரு நாள் எனக்கு நைட் ஷிப்ட். மச்சான் வீட்டு விசேஷம் என்பதால் கூட வேலை பார்க்கும் நண்பரிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். அன்று ராத்திரி பைப்லைனில் ஒரு ஃபிளாஞ்ச் கசிந்து, ஆசிட் அவர் தோளிலும் கையிலும் பட்டுவிட்டது. உயிர் தப்பினார். வலது கை முன்பு மாதிரி இல்லை.

என் மனைவி, “வள்ளல் பெருமான்தான் உங்களக் காப்பாத்துனாரு” என்று சொல்லி, தருமசாலைக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தாள். மகள் சிதம்பரத்தில் தத்துவம் எம்.ஏ. படிக்கிறாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “அப்ப அந்த மாமாவ ஏம்ப்பா காப்பாத்தல?” என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதிலிருந்து தூக்கம் சரியில்லை.

அவள் படிக்கும் புத்தகங்களில் மூன்று விஷயம் இருக்கிறதாம். கடவுள் என்பது மனிதன் உண்டாக்கிய எண்ணம். வரலாறு மனிதன் செய்வது, தலையெழுத்து கிடையாது. மனித சுபாவம் என்று பிறவியிலேயே ஒன்றும் இல்லை. இவை உண்மைதானா? உண்மை என்றால், வடலூர் போகிற என்னைப் போன்றவன் என்ன செய்வது? மகளுக்கு என்ன சொல்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து உங்கள் மகள் கேட்டது, ஐரோப்பாவின் தத்துவத்தையே திசை திருப்பிய கேள்வி. அங்கே அது கேட்கப்பட்ட நாளைக்கூடக் குறித்துச் சொல்ல முடியும்.

1755 நவம்பர் 1. போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன். கிறிஸ்தவர்களுக்கு அன்று சகல புனிதர்கள் திருநாள். காலைப் பூசைக்குத் தேவாலயங்கள் நிரம்பியிருந்த நேரத்தில் பூமி குலுங்கியது. கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மேலேயே கூரை இறங்கியது. ஆற்றங்கரைக்குத் தப்பி ஓடியவர்களைக் கடல் ஏறி வந்து அள்ளிக்கொண்டு போனது. மிச்சத்தைத் தீ தின்றது.

அதுவரை படித்தவர்களிடம் ஒரு தைரியம் இருந்தது. படைக்கக்கூடிய உலகங்களிலேயே சிறந்ததைத்தான் கடவுள் படைத்திருக்கிறார், தீமையாகத் தெரிவதும் முழுக்கணக்கில் நன்மைக்கே என்று ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1710-இல் நூல் எழுதியிருந்தார். லிஸ்பனுக்குப் பிறகு பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் ஒரு நீண்ட கவிதையில் அந்தக் கணக்கை மறுத்தார். தாயின் மார்போடு நசுங்கிய குழந்தை என்ன குற்றம் செய்தது என்று கேட்டார். அதைப் படித்த ரூசோ 1756 ஆகஸ்டில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ரூசோ கடவுளை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் கையை வேறு பக்கம் நீட்டினார். ஆறு மாடி, ஏழு மாடி வீடுகளை அப்படி நெருக்கிக் கட்டியது இயற்கையா? பணத்தையும் பத்திரத்தையும் எடுக்க உள்ளே திரும்பிப் போய்ச் செத்தவர்கள் எத்தனை பேர்? அதே 1756-இல், பிற்பாடு நவீன தத்துவத்தின் பெரிய பெயராக ஆன இம்மானுவேல் கான்ட், பூமிக்கடியில் நடப்பது என்ன என்று ஆராய்ந்து நிலநடுக்கம் பற்றி மூன்று கட்டுரைகள் வெளியிட்டார்.

இதைக் கவனியுங்கள். வோல்டேர் கேட்டது ‘ஏன் நடந்தது?’ கான்ட் கேட்டது ‘எப்படி நடந்தது?’ ரூசோ கேட்டது ‘இதில் மனிதர்கள் செய்தது எவ்வளவு?’ அதுவரை ஒரே முடிச்சாக இருந்த கேள்வி மூன்றாகப் பிரிந்தது. நவீன தத்துவம் கடவுளையும் வரலாற்றையும் மனித சுபாவத்தையும் மாற்றிப் பார்த்தது என்கிறோமே, அதன் பெரும்பகுதி இந்த முடிச்சை அவிழ்த்த வேலைதான்.

நம் கடற்கரைக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள். தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் கிள்ளைப் பக்கத்துக் குப்பங்களிலும் சிலர் கண்மூடித் திறப்பதற்குள் வீட்டோடு போனார்கள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. ‘எப்படி’ என்பதற்கு உண்டு. சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு சரிந்தது. ‘மனிதர் பங்கு எவ்வளவு’ என்பதற்கும் உண்டு. பிச்சாவரத்தை ஒட்டிய நம் கடற்கரையை ஆராய்ந்து 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை, அலையாத்தி மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. மரத்தை வெட்டுவதும் விடுவதும் நம் கையில் இருக்கிறது.

இனி உங்கள் மூன்று கேள்விகளுக்கு வருகிறேன்.

கடவுளைப் பற்றி

நவீன தத்துவம் என்றால் நாத்திகம் என்று நினைத்துவிட வேண்டாம். அதன் முதல் ஆளாகச் சொல்லப்படும் டெகார்ட், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டு, 1641-இல் வெளியிட்ட நூலில் கடவுளைத்தான் தன் அறிவுக்கு ஜாமீனாக வைத்தார். ஆம்ஸ்டர்டாமில் ஸ்பினோசா இருந்தார். 23 வயதில், 1656-இல், அவருடைய யூத சமூகம் அவரை விலக்கி வைத்தது. லென்ஸ் தேய்த்துப் பிழைத்தார். 44 வயதில் நுரையீரல் நோயில் இறந்தார். பட்டறையின் கண்ணாடித் தூள் அந்த நோயை வளர்த்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். தொழிற்சாலைக் காற்றை மூச்சாக வாங்குகிற உங்களுக்கு அவரை இப்படி அறிமுகப்படுத்துவதுதான் பொருத்தம். அவருடைய கடவுள் மேலே உட்கார்ந்து ஒருவரைக் காப்பாற்றி ஒருவரை விடுபவர் இல்லை. இருக்கிற எல்லாமாகவும் இருப்பது எதுவோ அதுவே கடவுள் என்றார்.

கான்ட் 1781-இல் ஒரு எல்லைக்கல் நட்டார். கடவுள் உண்டு என்று தர்க்கத்தால் நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. அந்த இடத்தில் அறிவு நின்றுவிடும். அதற்கு அப்பால் நம்பிக்கைக்கு இடம் உண்டு, அந்த நம்பிக்கை ஒழுக்கத்தில் வேர்விட்டிருக்க வேண்டும் என்றார். 60 ஆண்டு கழித்து, 1841-இல், ஃபாயர்பாக் இன்னொரு படி ஏறினார். அன்பு, நீதி, கருணை என்று தன்னிடம் உள்ள நல்லவற்றையெல்லாம் மனிதன் வானத்தில் கொண்டுபோய் வைத்து, அதையே கும்பிட்டு, தன்னை வெறுங்கையனாக ஆக்கிக்கொள்கிறான் என்றார். உங்கள் மகள் சொல்வது இவரிடமிருந்து வருவது. 1882-இல் நீட்சே ‘கடவுள் இறந்துவிட்டார்’ என்ற செய்தியை ஒரு பித்தன் வாயில் வைத்தார். பட்டப்பகலில் விளக்கோடு சந்தைக்கு வந்து அந்தப் பித்தன் கத்துவது வெற்றி முழக்கம் இல்லை. இவ்வளவு பெரிய இடம் காலியாகிவிட்டதே, இனி எதைப் பிடித்துக்கொண்டு நிற்போம் என்ற பதைப்பு அது. மகளிடம் அந்தப் பக்கத்தைத் திரும்ப ஒருமுறை மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அதே 1882-இல் சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழ் தொடங்கியது. இங்கிலாந்தின் சார்லஸ் பிராட்லாவைப் பின்பற்றிய சென்னை லௌகிக சங்கத்தாரின் பத்திரிகை. கடவுள், வேதம், சாதி, சடங்கு எல்லாவற்றையும் தமிழில் கேள்வி கேட்டு 1888 வரை வந்தது. ஆகவே இந்தக் கேள்விகள் உங்கள் வீட்டுக்கு மகளின் பாடப்புத்தகத்தோடு புதிதாக வந்து இறங்கவில்லை. தமிழில் அவற்றுக்கு 140 வயதுக்கு மேல் ஆகிறது.

அதற்கும் முன்னால், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வள்ளலார் இருந்தார். 1823-இல் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்தவர். லைப்னிட்ஸ், கான்ட் என்ற பெயர்களோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. சைவராகத் தொடங்கினார். பாடிப் பாடி, கடைசியில் சாதி, சமயம், சாத்திரச் சண்டை எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு ஒளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அவர் பாடல்களை ‘அருட்பா’ என்று சொல்லக்கூடாது என்று ஆறுமுக நாவலர் எதிர்த்தார். அந்தச் சண்டை 1869-இல் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை போனது. கடவுளைப் பற்றி யார் பேசலாம், எதைப் புனித நூல் என்று சொல்லலாம் என்று ஐரோப்பா அடித்துக்கொண்ட அதே நூற்றாண்டில், நம் கடலூரிலும் அந்த வழக்கு நடந்தது.

வள்ளலார் செய்ததில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது அவர் வைத்த வரிசை. வடலூர் ஞானசபையில் வழிபாடு தொடங்கியது 1872-இல். பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலை அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், 1867 மே மாதத்திலேயே தொடங்கிவிட்டது. முதலில் அடுப்பு, அப்புறம் கோயில். பசித்தவனைப் பார்த்தால் ‘அவன் தலைவிதி’ என்று சொல்லிவிட்டுப் போகக்கூடாது, அந்தப் பசியைத் தீர்ப்பதே கடவுள் வழிபாடு என்றார். பசி ‘ஏன்’ வந்தது என்ற கேள்வியில் அவர் தங்கவில்லை. நம் பங்கு என்ன என்ற கேள்விக்குப் போய்விட்டார். ரூசோ லிஸ்பனைப் பார்த்துத் திரும்பிய அதே பக்கம் இது. ஆனால் ரூசோ கடிதம் எழுதினார், இவர் அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். தானாக எரிவதால் இல்லை. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் விறகு தள்ளுகிறார். உங்கள் மனைவி கொடுத்த அரிசியும் அங்கேதான் வெந்தது.

எனவே உங்கள் மனைவி நன்றி சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நீங்கள் உயிரோடு வீடு திரும்பியதற்கு அந்த நன்றி. மகள் கேட்டதிலும் தப்பு இல்லை. அந்த நன்றிக்குள் நண்பரும் அடங்க வேண்டும் என்று அவள் கேட்கிறாள். ‘என்னைக் காப்பாற்றினார்’ என்பதை ‘அவரை விட்டுவிட்டார்’ என்ற விளக்கமாக ஆக்கும்போதுதான் பிழை நுழைகிறது. வேண்டியவரையும் வேண்டாதவரையும் பிரித்து ஷிப்ட் போடுகிற மேலாளராகக் கடவுளை வள்ளலாரும் நினைக்கவில்லை, ஸ்பினோசாவும் நினைக்கவில்லை. சிதம்பரம் கோயிலில் திரையை விலக்கினால் உள்ளே உருவம் இல்லை. தங்க வில்வ மாலை தொங்கும் வெளிதான் இருக்கிறது. கடவுளை இன்ன ஆள் என்று அடைத்துவிடாதே என்று நம் பக்கத்துப் பழைய மனிதர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

வரலாற்றைப் பற்றி

இத்தாலியில் வீக்கோ என்பவர் 1725-இல் ஒரு நூல் எழுதினார். இயற்கையைப் படைத்தவர் கடவுள், அதை முழுதாக அறியக்கூடியவரும் அவரே. சட்டம், மொழி, அரசு எல்லாம் மனிதர் செய்தவை, ஆகவே அவற்றை மனிதர் அறிய முடியும் என்றார். வரலாறு என்ற எண்ணமே அங்கே புரண்டு படுத்தது. செய்தது நாமென்றால், மாற்றியும் செய்யலாம்.

இதற்கு உதாரணம் தேடி நாம் இத்தாலி போக வேண்டாம். நந்தனார் கதை போதும். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கதையில், தில்லைக்குள் வர ஏங்கிய புலையர் குலத்து அடியார் தீயில் மூழ்கி எழுந்து உள்ளே போகிறார். அங்கே எல்லாம் அருளின் செயல். அதே கதையை 20-ஆம் நூற்றாண்டு வேறு கண்ணால் படித்தது. அவரை வாசலில் நிறுத்தியது யார் என்று கேட்டது. அந்தக் கேள்வியோடு சிதம்பரம் வந்தவர் சுவாமி சகஜானந்தர். நந்தனார் பெயரிலேயே 1916-இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். தீயில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும் என்ற கதைக்கு ஒரு பள்ளிக்கூடத்தால் பதில் சொன்னார். 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. அருள் என்று இருந்தது உரிமை என்று ஆனது. சகஜானந்தர் பக்தியை விட்டுவிடவில்லை என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

ஐரோப்பாவில் வரலாறு மனிதர் செய்வது என்ற எண்ணத்தைப் பெரிய கட்டடமாக எழுப்பியவர் ஹெகல். அதை ஆலைக்கும் கூலிக்கும் இறக்கி வந்தவர் மார்க்ஸ். மார்க்ஸும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கை 1931-இல் பெரியாரின் ‘குடி அரசு’ வழியாகத் தமிழ் வாசகருக்கு வந்தது. ஏழ்மை விதி இல்லை, ஏற்பாடு என்று இங்கே ஒரு தலைமுறை பேசத் தொடங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கடவுள் எழுந்து போன நாற்காலியில் பலமுறை வரலாறே ஏறி உட்கார்ந்துகொண்டது. பழைய பூசாரி ‘தெய்வ சித்தம்’ என்று சொன்ன இடத்தில் புதியவர்கள் ‘வரலாற்றின் தேவை’ என்றார்கள், ‘வளர்ச்சி’ என்றார்கள். இந்த வார்த்தைகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்யும். அடிபட்டவனை வாய் மூடச் சொல்லும். நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிக்கொண்டிருந்த வால்ட்டர் பெஞ்சமின் 1940-இல் எழுதிய சிறு குறிப்புகளில், முன்னேற்றம் என்று நாம் சொல்வதை ஒரு புயலாகப் பார்த்தார். அது ஒரு தேவதையை எதிர்காலத்துக்குத் தள்ளிக்கொண்டே போகிறது. தேவதையின் முகமோ பின்னால் குவியும் இடிபாட்டைப் பார்த்தபடி இருக்கிறது. 2011 டிசம்பரில் ‘தானே’ புயலுக்கு மறுநாள் முந்திரித் தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை.

சிப்காட்டில் இதை நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள். 1980-களில் கடலூர்–சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே தொழிற்பேட்டை எழுந்தபோது, அது வேலை தரும் என்று ஊர் நம்பியது. வேலையும் தந்தது. உங்கள் மகளின் படிப்புச் செலவு அந்தச் சம்பளத்தில் போகிறது, இதை மறைக்க வேண்டாம். கூடவே காற்றில் நாற்றமும் கிணற்றில் நிறமும் வந்தன. 2009-இல் நாடு முழுக்க மிக மோசமாக மாசுபட்டவை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியலிட்ட 43 இடங்களில் கடலூரும் ஒன்று. ‘வளர்ச்சி வேண்டுமானால் சில ஊர் தாங்கித்தான் ஆகணும்’ என்று அப்போது பேசியவர்கள் உண்டு. குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, செம்மங்குப்பம் மக்களிடம் இதைச் சொல்வது, நந்தனாரிடம் ‘தீயில் இறங்கி வா’ என்று சொல்வதற்குச் சமம்.

அந்த ஊர்க்காரர்கள் செய்த ஒரு காரியத்தை என் மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன். 2004 வாக்கில் அவர்களில் சிலர் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து, எந்த மாதிரி நாற்றம் – அழுகிய முட்டையா, நகப்பூச்சா – என்று எழுதி வைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். அறிவொளி என்றால் என்ன என்று 1784-இல் கேட்டுக்கொண்ட கான்ட், பிறர் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதை விட்டுச் சொந்தப் புத்தியைப் பயன்படுத்தத் துணிவதே அது என்று பதில் சொன்னார். அதை நான் வகுப்பில் விளக்கும்போது ஜெர்மனி நினைவுக்கு வருவதில்லை. ஒரு பக்கெட்டும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான் நினைவுக்கு வருகின்றன.

மனித சுபாவத்தைப் பற்றி

ஜான் லாக்கின் பேர்பெற்ற நூல் 1690 என்ற ஆண்டைத் தாங்கி லண்டனில் வெளிவந்தது. மனித மனம் பிறக்கும்போது எழுதாத வெள்ளைத் தாள், அனுபவம்தான் அதில் எழுதுகிறது என்பது அதன் சாரம். பிறவியிலேயே ஒருவன் உயர்வு ஒருவன் தாழ்வு என்பதற்கு அதன்பின் அறிவு நியாயம் இல்லை. அதே 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி செஞ்சி மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊரெல்லாம் தங்களுடையது என்று எல்லை போட்டார்கள். ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் அப்படி வந்தது. மனிதன் வெள்ளைத் தாள் என்று எழுதிய நாடே இங்கே குண்டால் எழுதியது. நவீன தத்துவத்தைப் படிப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

வெள்ளைத் தாள் என்ற எண்ணத்தின் கடைசி எல்லை, 1945 அக்டோபரில் பாரிஸில் சார்த்தர் ஆற்றிய உரை. மனிதனுக்கு முன்கூட்டியே வரைந்த படம் எதுவும் கிடையாது, அவன் தேர்ந்தெடுப்பவை சேர்ந்துதான் அவனாகின்றன என்றார். விடுதலை தரும் பேச்சு இது. சாதி சொல்லி அழுத்தப்பட்டவனுக்கும், ‘பொம்பளன்னா இப்படித்தான்’ என்று அடைக்கப்பட்டவளுக்கும் இது கதவைத் திறக்கிறது. உங்கள் மகளுக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது.

ஆனால் தில்லையில் வளர்ந்த சைவ சித்தாந்தம் வேறொன்று சொல்கிறது. உயிரோடு ஒட்டியே வருவது ஆணவ மலம். செம்பில் களிம்பு போல. அருள் வந்தாலும் அது அழிவதில்லை, அதன் வலிமை மட்டும் அடங்கும். இதைப் பழைய மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. மனிதன் அறிவால் வளருவான் என்று நம்பிய கான்ட்டே 1793-இல், மனித இயல்பின் வேரில் ஒரு தீமை உண்டு, எல்லோருக்கும் பொதுவான விதிக்கு மேலாகத் தன்னலத்தை வைக்கும் சாய்வு அது என்று எழுத வேண்டி வந்தது. படிப்பும் சட்டமும் மட்டும் மனிதனைச் சரியாக்கிவிடும் என்று நம்பிய 20-ஆம் நூற்றாண்டு, வதை முகாம்களையும் அணுகுண்டையும் பார்த்துவிட்டுத்தான் முடிந்தது. சுபாவம் எழுதி முடிந்தது இல்லை என்ற வரை மகள் சொல்வது சரி. ஆனால் தாள் வெள்ளையாகவும் இல்லை. களிம்பு உண்டு, தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தொழிலாளியின் சுபாவம் பற்றி உங்களிடம் பேச இன்னொருவருக்குத்தான் தகுதி. சிமோன் வெய் பிரான்சில் தத்துவ ஆசிரியை. 1934 டிசம்பரில் தன் 25 வயதில், பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டு, பாரிஸ் தொழிற்சாலைகளில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். அடக்கப்பட்டவர்கள் ஆலையில் கிளர்ந்தெழுவார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தார். இயந்திரத்தின் வேகமும் மேஸ்திரியின் குரலும் தன்னையே எதுவும் யோசிக்காத பணிவுக்கு இறக்கிவிட்டதை அங்கே கண்டார். மணிக்கொரு தரம் ரீடிங் எடுத்து, லாக் ஷீட்டில் எழுதி, விடியற்காலை மூன்று மணிக்கு மூளை மரத்துப்போன அனுபவம் உங்களுக்கு இருக்கும். அங்கிருந்து வெளியே வந்த வெய், மனிதனுக்கு மனிதன் தர வேண்டிய பெரிய பொருள் கவனம்தான் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். சக மனிதன் பசித்திருக்க விடக்கூடாது என்பதை எல்லாக் கடமைகளுக்கும் மாதிரியாக எடுத்துக் காட்டினார். 1943-இல், 34 வயதில் இறந்தார். அவருக்கு வடலூர் தெரியாது. தருமசாலையில் ஒரு வேளை சாப்பிட்டிருந்தால் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

உங்கள் ராத்திரிக்கு

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது தத்துவம் இல்லை. ‘எனக்கு வர வேண்டியது அவருக்கு வந்துவிட்டது’ என்ற எண்ணம். இதில் ஒரு பகுதியை நீங்கள் இன்றே இறக்கி வைக்கலாம். ஷிப்ட் மாற்றிக்கொண்டது பாவம் இல்லை. நடக்கப் போவது உங்களுக்குத் தெரியாது. அந்த ‘ஏன் அவர், ஏன் நான் இல்லை’ என்ற கேள்வியை வோல்டேரும் தீர்க்கவில்லை, நானும் தீர்க்கப் போவதில்லை. அதை வடலூர் ஜோதிக்கு முன்னால் வையுங்கள். அந்த இடத்துக்குப் பிரார்த்தனைதான் சரியான பேச்சு.

‘எப்படி’, ‘யார் பங்கு எவ்வளவு’ என்ற மற்ற இரண்டையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வராதீர்கள். அவற்றுக்குப் பதில் பிளான்டுக்குள் இருக்கிறது. அந்த ஃபிளாஞ்சின் கேஸ்கெட்டைக் கடைசியாக மாற்றியது எப்போது? போல்ட்டைச் சோதித்தது யார்? அதற்கு முன்னால் சொட்டியதை யாராவது பார்த்துவிட்டு எழுதாமல் விட்டார்களா? 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான ரசாயனம் பற்றிய தகவலைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும், பாதுகாப்புக் குழுவில் தொழிலாளியும் உட்கார வேண்டும் என்று அதில் எழுதினார்கள். வரலாறு மனிதன் செய்வது என்று உங்கள் மகள் சொல்வதன் பொருள் இதுதான். அந்த வரிகளைக் கடவுளும் எழுதவில்லை, வரலாறு என்ற பெயரில் எந்தச் சக்தியும் எழுதவில்லை. அத்தனை சாவுகளுக்குப் பிறகு மனிதர்கள் எழுதினார்கள்.

மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். “நீ கேட்டது நியாயமான கேள்வி, எனக்குப் பதில் தெரியல” என்று முதலில் சொல்லுங்கள். அப்பா அப்படிச் சொல்லக் கேட்பது அவளுக்கு எந்தப் புத்தகத்தையும்விடப் பெரிய பாடமாக இருக்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போங்கள். அரிசி தருமசாலைக்குப் போனது சரி, அதில் ஒரு பங்கு அந்த வீட்டுக்கும் போகட்டும். அவர் கை எப்படி இருக்கிறது, வேலை என்ன ஆனது, இழப்பீடு வந்ததா என்று கேளுங்கள். அன்று ராத்திரி என்ன நடந்தது என்று அவர் வாயால் முழுக்கச் சொல்லட்டும். இதுவரை யாரும் அவரிடம் அதைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். மகள் பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்ளட்டும். அந்த நோட்டை அடுத்த பாதுகாப்புக் குழுக் கூட்டத்துக்கு நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள்.